காமா கேமராவைத் தொடுமுன்: இதய அணு மருத்துவமும் இலவச இணையப் பாடங்களும்

தொண்டியிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ ஒருவர் நெஞ்சுவலி என்று மருத்துவரிடம் சென்றால், ஈசிஜியும் எக்கோவும் அதிகத் தூரம் போகாமலே எடுத்துவிடலாம். அவற்றில் தெளிவு கிடைக்காமலும், அதற்காக உடனே ஆஞ்சியோவுக்கு அனுப்ப மனம் ஒப்பாமலும் மருத்துவர் தயங்கும் நிலையில்தான் மக்கள் 'தாலியம் ஸ்கேன்' என்று சொல்லும் ஆய்வு பெரும்பாலும் எழுதித் தரப்படுகிறது. தாலியம் என்ற கதிரியக்கப் பொருளின் இடத்தை இன்று பெரும்பாலும் டெக்னீசியம் என்ற மற்றொன்று பிடித்துக்கொண்டபோதிலும் பழைய பெயரே பேச்சில் நிற்கிறது. அந்த ஆய்வுக்கு இராமநாதபுரம் கரையிலிருந்து வழக்கமாக மதுரைக்குத்தான் போகிறார்கள். இராமேசுவரத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 170 கிலோமீட்டர். நோயாளி ஒருநாள் கடக்கும் இந்தத் தொலைவை, இந்த ஆய்வுக்கான காமா கேமராவை, அதாவது உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து உமிழும் கதிரைப் படமாகப் பதியும் இயந்திரத்தை, இயக்கும் தொழில்நுட்பர் வேலைக்குப் படிக்க விரும்பும் மாணவர் ஆண்டுக்கணக்கில் கடக்க வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டபின் துணை மருத்துவப் படிப்புகளைப் பற்றிய விசாரிப்பு இப்பகுதி வீடுகளில் கூடியிருப்பது இயல்பே. ஆயினும் காமா கேமரா என்பது எக்ஸ்ரே இயந்திரத்தைப்போல ஊருக்கு ஊர் வைக்கக்கூடியதன்று. விலை, உரிமம், தினந்தோறும் வந்து சேரவேண்டிய கதிரியக்க மருந்து ஆகிய மூன்றும் அதைப் பெருநகரங்களிலேயே நிறுத்திவைத்திருக்கின்றன.

ஆகவே, கேமராவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இணையத்தில் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்ற கேள்வி இங்குள்ள மாணவருக்கு வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. நிறையவே முடியும் என்பதே என் கருத்து. ஆனால் மாணவர்கள் வழக்கமாகத் தேடிப் போகும் பகுதி வேறு, இலவசமாகக் கிடைப்பவற்றுள் உண்மையில் பயன் மிகுந்த பகுதி வேறு. அதை விளங்கிக்கொள்ள, ஆய்வு நடக்கும் முறையையும் அதில் தொழில்நுட்பரின் பங்கையும் முதலில் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

இதயத் தசைக்கு இரத்தம் போதுமான அளவு போய்ச் சேருகிறதா என்பதே இந்த ஆய்வு விடை தேடும் வினா. ஆஞ்சியோ குழாயின் அடைப்பைக் காட்டுகிறது. இந்த ஆய்வோ அந்த அடைப்பினால் தசை பட்டினி கிடக்கிறதா என்பதைக் காட்டுகிறது. டெக்னீசியம்-99எம் சேர்த்த செஸ்டாமிபி அல்லது டெட்ரோஃபோஸ்மின் என்னும் மருந்து சிரைவழி செலுத்தப்படுகிறது. அது இரத்தம் போகும் வழியே சென்று தசைச் செல்களுக்குள் புகுந்து, அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாக்களில் தங்கிவிடுகிறது. தங்கிவிடுவதே இதன் சிறப்பு. நடைப்பொறியில் உழைப்பு உச்சத்தில் இருக்கும் கணத்தில் மருந்தைச் செலுத்திவிட்டு, நோயாளி இளைப்பாறிய பிறகு படம் எடுத்தாலும், உச்சக் கணத்தில் இரத்தம் எங்கெல்லாம் சென்றதோ அந்த நிலையே படத்தில் விழுகிறது. ஓய்வு நிலையில் இன்னொரு முறை எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். உழைப்பில் குறைந்தும் ஓய்வில் நிறைந்தும் காணப்படும் இடம் இரத்தக்குறைவைச் சுட்டும். இரண்டிலும் வெறுமையாக இருக்கும் இடம் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் வடுவாக இருக்கும்.

டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுட்காலம் சுமார் 6 மணி நேரம். அது உமிழும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இந்த இரண்டு எண்களைச் சுற்றியே தொழில்நுட்பரின் நாள் சுழல்கிறது. தாய்த் தனிமமான மாலிப்டினம்-99-இன் அரை ஆயுட்காலம் 66 மணி. ஆகையால் திங்களன்று வந்த ஜெனரேட்டர் (மாலிப்டினத்தை அடைத்து, அதிலிருந்து ஊறும் டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கும் கலம்) அடுத்த திங்களன்று தொடக்க வலிமையில் ஏறக்குறைய 17 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும். காலையில் ஒருமுறை கறந்துவிட்டால் மடியில் பால் ஊறுவதுபோல் டெக்னீசியம் மீண்டும் ஊறி, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தை எட்டும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவருக்கு இவை புதியன அல்ல. கதிரியக்கச் சிதைவு விதியும் அரை ஆயுட்காலமும் அந்தப் பாடநூலிலேயே இருக்கின்றன. பாடநூலில் இல்லாதது அதன் பயன்பாடு. எடுத்துக்காட்டாக, காலை 8 மணிக்கு 25 மில்லிகியூரி (கதிரியக்க வலிமையின் அலகு) இருக்கும்படி நிரப்பிவைத்த ஊசி, பேருந்து தாமதமாகி நோயாளி 11 மணிக்கு வந்தால் சுமார் 17.7 மில்லிகியூரியாகவும், பிற்பகல் 2 மணிக்கு வந்தால் 12.5 ஆகவும் குறைந்திருக்கும். அந்த ஊசியையே போட்டுக் கேமராவில் கூடுதல் நேரம் எடுப்பதா, புதிதாக நிரப்புவதா, வேறு நோயாளிக்கு மாற்றுவதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. பாம்பனிலிருந்து வருகிறவரைப் பட்டியலில் முதல் ஆளாகப் போடாமல் உள்ளூர்க்காரரை முதலில் போடுகிற தொழில்நுட்பர், சிதைவு விதியை நன்றாகவே படித்தவர் என்று சொல்லலாம்.

நோயாளியைத் தயார் செய்வது அடுத்தது. இதையும் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆய்வு கெட்டுப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று. நடைப்பொறியில் நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின், டைபிரிடமோல், ரெகடினோசன் போன்ற மருந்துகளால் இதயக் குழாய்களை விரியச் செய்வார்கள். முழங்கால் தேய்ந்தவர்கள், ஆஸ்துமா இல்லாத முதியவர்கள் முதலியோருக்கு இதுவே வழி. தேயிலையிலும் காபியிலும் உள்ள காஃபீன், இந்த மருந்துகள் வேலை செய்யும் ஏற்பிகளையே அடைத்துக்கொள்ளும். குழாய் விரியாது, படம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், நோய் இருந்தும் இல்லை என்று அறிக்கை போய்விடும். எனவே குறைந்தது 12 மணி நேரத்துக்குக் காஃபீன் கூடாது என்பது விதி. சில மையங்கள் 24 மணி நேரம் கேட்கின்றன. விடியுமுன் மண்டபத்தில் பேருந்து ஏறியவர், வண்டி பரமக்குடியிலோ மானாமதுரையிலோ நிற்கும்போது இறங்கி ஒரு டீ குடிப்பது அவரைப் பொறுத்தவரை சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. 'வெறும் வயிற்றோடு வரவேண்டும்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், 'ஆமாம், ஒன்றும் சாப்பிடவில்லை' என்றே அவர் பதில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. முந்திய நாள் தொலைபேசியில் டீ, காபி, கோலா, சாக்லேட், தலைவலி மாத்திரைகளில் சில என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பாடங்கள் தரும் தடைப்பட்டியலில் சுக்குக் காபி இராது. சுக்கும் கருப்பட்டியும் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்ததில் காஃபீன் இல்லை; ஆனால் பனங்காட்டு ஊர்களில்கூடப் பல வீடுகளில் அதில் ஒரு கரண்டி காபித்தூளும் சேர்க்கிறார்கள். எதைப் போட்டார்கள் என்று கேட்டறிவதைத் தவிர வேறு வழியில்லை. சேலை உடுத்திய, வாழ்நாளில் நடைப்பொறியில் கால் வைத்திராத பெண்ணுக்கு, தரை தன் காலடியில் நகரும் என்பதையும் கைப்பிடியில் உடல் பாரத்தைச் சாய்த்துவிடக் கூடாது என்பதையும் எப்படி விளக்குவது என்பதும் எந்தக் காணொளியிலும் கிடைக்காது. புரூஸ் முறை என்னும் நடைப்பொறித் திட்டத்தில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும் என்பது கிடைக்கும்; மருந்து செலுத்திய பிறகும் குறைந்தது ஒரு நிமிடமாவது நடை தொடர வேண்டும் என்பதும் கிடைக்கும். பாடத்தையும் ஊரையும் இணைக்கும் வேலை கற்பவருடையது.

இனிப் படத்துக்கு வருவோம். கேமராவின் தலை நோயாளியைச் சுற்றி வழக்கமாக 180 பாகை சுழன்று பல கோணங்களில் பதிவு செய்கிறது. கணினி அவற்றை அடுக்கி முப்பரிமாணமாக்குகிறது. கடைசியில் மருத்துவர் பார்ப்பது 17 பகுதிகளாகப் பிரித்த வட்ட வரைபடத்தையும் வெட்டுப் படங்களையுமே. அவை வண்ணத்தோடு அழகாகவே இருக்கும், நடுவில் நோயாளி அசைந்திருந்தாலும்கூட. அசைவையும் பிற பிழைகளையும் காட்டிக்கொடுப்பது சுழலும் மூலப் பதிவுதான். அதை ஓடவிட்டுப் பார்த்தால் இதயம் ஒரு கட்டத்தில் திடீரென மேலேறுவதோ, ஈரலும் குடலும் இதயத்தின் அடிச்சுவரோடு ஒட்டிப் பளிச்சிடுவதோ தெரியும். ஆண்களில் உதரவிதானம் காமா கதிரை மறைப்பதால் இதயத்தின் கீழ்ச்சுவரிலும், பெண்களில் மார்பகம் மறைப்பதால் முன்சுவரிலும் இரத்தக்குறைவு இருப்பதுபோல் பொய்த்தோற்றம் எழுவது உண்டு. குப்புறப் படுக்கவைத்து மீண்டும் எடுத்தால் கீழ்ச்சுவர்க் குறை பல நேரங்களில் மறைந்துவிடும். ஈசிஜியோடு இணைத்து எடுத்த படத்தில் அதே சுவர் நன்றாகச் சுருங்கி விரிந்தால் அது வடுவாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. குடல் ஒளிர்ந்தால் பால் அல்லது கொழுப்புள்ள உணவு கொடுத்துக் காத்திருந்து மறுபடியும் எடுக்கலாம். இவையனைத்தையும் நோயாளி மேசையிலிருந்து இறங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டியவர் தொழில்நுட்பர். நோயாளி பரமக்குடியைத் தாண்டிப் போனபிறகு மருத்துவர் கண்டுபிடித்துப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் இலவச இணையக் கல்வியின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பது விளங்குகிறது. மாணவர்கள் பெரும்பாலும் யூடியூபில் ஒரு மணி நேர விரிவுரைகளைத் தேடுகிறார்கள். அவற்றில் பல மருத்துவர்கள் மருத்துவர்களுக்காக ஆற்றியவை. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்ற விவாதத்தில் முடிகிறவை. தொழில்நுட்பராகப் போகிறவருக்கு அதைவிடப் பயன்படுவது கெட்ட படங்களின் தொகுப்பு. ஒரு பயிற்சி மாணவர் மருத்துவமனையில் ஆறு மாதம் நின்றாலும் கேமராவின் சுழல் மையம் விலகிப்போன படத்தையோ, படிகத்தில் எழும் ஒளியை மின்குறியாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்களில் ஒன்று செயலிழந்ததைக் காட்டும் சீர்மைச் சோதனைப் படத்தையோ ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம், நன்கு பராமரிக்கப்படும் கேமராவில் அவை அரிதாகவே நேரும் என்பதால். சர்வதேச அணுசக்தி முகமை 2003இல் வெளியிட்ட, கேமராத் தரக்கட்டுப்பாட்டுக்கான படத்தொகுப்பு அத்தகைய குறைகளை உலகின் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணமும் திருத்தமும் எழுதி, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் வகையில் தருகிறது. இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. கேமராக்களின் மென்பொருள் மாறியிருக்கிறது. சோடியம் அயோடைடு படிகமும் ஒளிப்பெருக்கிக் குழாயும் கொண்ட கேமராக்கள் இன்றும் ஏராளமாக உழைக்கின்றன.

அதே முகமையின் மனித நலக் கல்வி இணையத்தளத்தில் இதய அணு மருத்துவத்துக்குத் தனிப்பகுதி உண்டு. இதயத் தசை இரத்த ஓட்ட ஆய்வை ஒரு மையத்தில் தொடங்கி நடத்துவது பற்றிய வழிகாட்டி நூலும், 2014இல் வந்த பெரிய அணு மருத்துவ இயற்பியல் பாடநூலும் பிடிஎஃப் வடிவில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கம் தொழில்நுட்பர்களுக்கென்றே எழுதிய கையேடுகளில் இதய ஆய்வுக்கும் ஒன்று இருக்கிறது. நோயாளியை அழைத்து உட்காரவைப்பதிலிருந்து படம் அனுப்பும் வரை வரிசையாகச் சொல்லும் அதையே முதல் நூலாக நான் பரிந்துரைப்பேன். 1993இல் தொடங்கிய அமெரிக்க இதய அணு மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகளை இலவசமாகப் படிக்கலாம். அதன் இணையவழி வகுப்புகளில் சில திறந்தவை, சில உறுப்பினருக்கு மட்டும். 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்திலும் ஐஐடிகளின் என்பிடிஇஎல் பாடங்களிலும் கதிரியக்க இயற்பியல், மருத்துவப் படமெடுப்பு ஆகிய அடிப்படைகளைக் கற்கலாம்; சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. படிப்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்குக் கட்டணம் என்பது இவற்றில் பொதுவான ஏற்பாடு. வேலை தேடும்போது அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கதிர்வீச்சு அளவைக் குறைப்பது பற்றிய பாடங்கள் இணையத்தில்தான் மருத்துவமனையைவிடச் சிறப்பாகக் கிடைக்கின்றன என்றும் சொல்லலாம். சர்வதேச அணுசக்தி முகமையின் முயற்சியில் 2013இல் 65 நாடுகளைச் சேர்ந்த 308 ஆய்வகங்களில் 7,911 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரு நோயாளி பெறும் சராசரி அளவு சுமார் 10 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்றும், ஒரே ஆய்வுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் பெரும் வேறுபாடு இருக்கிறது என்றும் தெரியவந்தது. உடல் எடைக்கேற்ப மருந்தளவை மாற்றுவது, உழைப்புப் படம் இயல்பாக இருந்தால் ஓய்வுப் படத்தைத் தவிர்ப்பது, இளையவர்களுக்குத் தாலியத்தை விலக்குவது, ஒரே நாளில் இரண்டு படம் எடுக்கையில் முதல் ஊசியின் மிச்சம் இரண்டாவது படத்தைக் கெடுக்காதபடி அளவுகளைத் திட்டமிடுவது ஆகியவை அப்போது வலியுறுத்தப்பட்ட நடைமுறைகளில் சில. கடைசியாகச் சொன்னதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். காலை 8 மணிக்கு 10 மில்லிகியூரி கொடுத்தால் 11 மணிக்கு உடலில் சிதைவுக் கணக்குப்படி ஏழு மிஞ்சியிருக்கும். இரண்டாவது ஊசியும் பத்தாகவே இருந்தால் பழைய படமும் புதிய படமும் கலந்துவிடும். முப்பதாக இருந்தால் புதியது மேலோங்கும். ஒரு மருத்துவமனையில் வழிவழியாக 'எல்லாருக்கும் இவ்வளவு' என்று ஒரே அளவு போட்டுவந்தால், அங்கே பயிலும் மாணவர் அதையே விதி என்று நினைத்துக்கொள்வார். உலக நெறிமுறைகளைப் படித்தவருக்குக் கேள்வி கேட்கவாவது தெரியும்.

இணையத்தால் தரமுடியாதவை எவை என்பதில் மயக்கம் கூடாது. ஜெனரேட்டரிலிருந்து டெக்னீசியத்தைக் கறந்து, மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்று சோதித்து, ஈயக் கவசத்துக்குள் செஸ்டாமிபிக் குப்பியைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, தூய்மை 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதை உறுதிசெய்யும் வேலையைக் கைதான் கற்க வேண்டும். சிரையில் ஏற்றவேண்டிய மருந்து சதைக்குள் கசிந்துவிட்டால் படம் வெளிறிப்போகும். ஊசி ஏறும்போது விரலுக்குத் தெரியும் அந்தச் சிறு தடையைத் திரை சொல்லித்தராது. சர்வதேச அணுசக்தி முகமை தொழில்நுட்பர்களுக்காக உருவாக்கிய தொலைவழிப் பயிற்சி அச்சுத்தாளில் தொடங்கிப் பின்னர் இணையத்துக்கு மாறியது. ஆனால் அதுவும் அணு மருத்துவத் துறையில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் தங்கள் பணியிடத்திலேயே செய்முறைகளைச் செய்து கற்கும் வகையில்தான் அமைக்கப்பட்டது. தொலைவழிக் கல்வியை வடிவமைத்தவர்களே கேமரா இல்லாத கல்வியை முழுமையானதாகக் கருதவில்லை.

சட்டமும் அதையே சொல்கிறது. இந்தியாவில் அணு மருத்துவ மையங்களுக்கு உரிமம் தருவது 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். தொழில்நுட்பருக்கு இன்ன தகுதி வேண்டும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும், பணியாளர்கள் அளவுகாட்டி அட்டை அணியவேண்டும், அவர்கள் பெறும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டையும் எந்த ஓராண்டிலும் 30-ஐயும் தாண்டக்கூடாது என்றெல்லாம் வரையறுத்திருப்பது அதுதான். அந்த விதிகளும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. இலவசப் பாடங்களில் மாணவர்கள் மிகக் குறைவாகப் படிப்பது இவற்றையே என்றாலும், நேர்காணலில் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். 2021இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆக, இணையச் சான்றிதழ்கள் எத்தனை சேர்த்தாலும் ஊசியைக் கையில் எடுக்கும் உரிமை அவற்றால் வராது. பட்டமோ பட்டயமோ முறையாகப் பெற்றவர் அவற்றைத் தன்விவரக் குறிப்பில் சேர்த்தால் மதிப்புண்டு, அவ்வளவே.

இராமநாதபுரத்திலோ மதுரையிலோ ரேடியோகிராபியோ இயற்பியலோ படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இந்தத் துறைக்குள் வர விரும்பினால், பன்னிரண்டாம் வகுப்பு அணுக்கரு இயற்பியலைத் தமிழிலேயே ஒருமுறை திருப்பிவிட்டு, ஐரோப்பியக் கையேட்டை எடுத்து, அதற்குப் பிறகு குறைபாட்டுப் படத்தொகுப்பை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படமென்று பார்த்துவரலாம். விளக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, குறை என்னவாக இருக்கும் என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுவதே சரியான முறை. ஆங்கிலம் தடையாகத்தான் இருக்கும். தானியங்கி வசன வரிகள் மருந்துப் பெயர்களைக் கண்டபடி எழுதுவதால் காணொளியைவிட அச்சுநூலே தமிழ்வழி மாணவருக்கு எளிது, வேண்டியபோது நிறுத்திப் படிக்கலாம் என்பதாலும்.

கட்டணம் கட்டி ஒரு கல்லூரியில் சேரும் முன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தப் படிப்பு ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் தகுதிக்குள் வருகிறதா என்பது ஒன்று. விளம்பரத்தில் 'அணு மருத்துவம்' என்ற சொல் இருப்பது இதற்குச் சான்றாகாது, வாரியத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே தெளிய வேண்டும். மற்றொன்று, மாணவர்களை எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், அங்கே காமா கேமரா இயங்குகிறதா, வாரத்துக்கு எத்தனை இதய ஆய்வுகள் நடக்கின்றன என்பது. இரண்டாவது கேள்விக்குக் கல்லூரி அலுவலகத்தில் தயங்கினால், அங்கே மூத்த மாணவர் யாரையாவது தேடிப்பிடித்து, குப்பியைக் கடைசியாகக் கொதிக்கவைத்தது எப்போது என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டலாம்.